ஒன்பது தினார்க் குளிர்

வெயில் ஐம்பதைத் தொட்ட வாரத்தில்
மஹ்பூலாவின் அந்த மூன்றாம் மாடி அறையில்
குளிரைப் பற்றி யோசித்தவன் நான் ஒருவன்தான்.
போன ஜனவரியில் ஜன்னல் இடுக்கில் சாக்ஸைத் திணித்து
ஜாக்கெட்டோடு தூங்கியதை
மற்ற ஐந்து பேரும் மறந்திருந்தார்கள்.
ஆடித் தள்ளுபடி மாதிரி அங்கேயும் ஒன்று:
எண்ணெய் ஹீட்டர், ஏழு பட்டை, அடியில் சக்கரம்,
பாதி விலை, ஒன்பது தினார்.
ஆளுக்கு ஒன்றரை.
சிரித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.
இருதயராஜ் மட்டும்
ஐம்பது ஃபில்ஸ் காசுகளாய் எண்ணி வைத்தான்.

பெட்டி வந்தது.
தூக்கிப் பார்த்த காஜா
"என்னப்பா, இவ்ளோ லேசா இருக்கு" என்றான்.
"புது மாடல்" என்றேன்,
நானே செய்து அனுப்பியவனைப் போல.

பிரிக்கவில்லை.
ஏசி இரைகிற அறையில் ஹீட்டரைப் பிரிப்பானா எவனாவது?
இரண்டு கட்டில்களுக்கு நடுவே நின்ற பெட்டி
மெல்ல மெல்ல மேசையாயிற்று.
அதன்மேல் குபூஸ் பிய்த்தோம், ரம்மி ஆடினோம்,
பருப்புச் சட்டியின் வட்டம் ஒன்று
நிரந்தரமாய்ப் படிந்தது.
அக்டோபரில் இருதயராஜ்
முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியபோது
அதன்மேல் வைத்துத்தான் தன் மூட்டைக்குக் கயிறு கட்டினான்.
அவன் கட்டிலுக்குத் தீர்த்த பகதூர் வந்தான்,
நேபாளத்து மலைக்காரன்.

ஜனவரி எட்டு, ராத்திரி.
பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.
கத்தரிக்கோல் அகப்படாமல்
அறைச்சாவியால் டேப்பைக் கிழித்தேன்.
எல்லோரும் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
சுற்றி நின்றார்கள்.

உள்ளே ஒரு மின்விசிறி.
தண்ணீர் தெளிக்கிற ரகம்.
கூந்தல் பறக்க அட்டையில் ஒரு பெண்
சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு அடுத்தபடி சிரித்தவன்
பனியனோடு நின்ற தீர்த்த பகதூர்.

கஸ்டமர் கேரில் ஒரு பெண் பெயர்.
பெண்தானா, எந்திரமா, தெரியவில்லை.
நான் மேடம் என்றே எழுதினேன்.

பொருளைப் பெற்றது ஜூலை பதினேழு.
திருப்பித் தரும் காலம் பதினைந்து நாள்.
இத்தனை மாதம் ஏன் காத்திருந்தீர்கள்?

குளிர் வரவில்லை, மேடம்.

மூன்று புள்ளிகள் வெகுநேரம் துடித்தன.

பிரிக்காத பெட்டியின் படம் அனுப்பவும்.

பிரிக்காமல் எப்படித் தெரியும் மேடம்,
உள்ளே இருப்பது வேறென்று?

தங்கள் பொறுமைக்கு நன்றி.

நான்கு இரவுகள் இப்படியே.
ரசீது அனுப்பினேன், லேபிளை அனுப்பினேன்,
விசிறியை நான்கு பக்கமும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன்,
பெண்பார்க்கும் படலம்போல.
கடைசியில் ஒரு கூப்பன் வந்தது,
ஒரு தினார் இருநூற்றைம்பது ஃபில்ஸ்.
பத்து தினாருக்கு மேல் வாங்கினால் செல்லும்.
ஏழு நாளில் சாகும்.

லேசாக இருந்ததை மட்டும்
அவளிடம் நான் சொல்லவில்லை.
காஜாவும் அதைப் பற்றிப் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.

இருதயராஜுக்குச் செய்தி போட்டேன்:
உனக்கு ஒன்றரை தினார் தரவேண்டும்.
அவன் குரல் வந்தது, பின்னால் பஸ் ஹாரன்.
"நான் காயாத ஹீட்டர்ல நீங்களும் காயல.
கணக்கு சரியாப் போச்சு, விடு."

மேசை இல்லாமல் சோறு தரையில் இறங்கியது.
இரண்டு நாள் பார்த்துவிட்டு
விசிறியைத் திரும்ப உள்ளே வைத்து
டேப் ஒட்டினோம்.

இரண்டு கம்பளிக்குள் படுத்து
இப்போதெல்லாம் அந்த இன்னொருவனை நினைக்கிறேன்.
சால்மியாவிலோ ஜஹ்ராவிலோ
அதே ஜூலையில், முதுகெல்லாம் வேர்வையாய்
வாசலிலேயே பெட்டியைப் பிரித்திருப்பான்.
உள்ளே ஏழு பட்டை, அடியில் சக்கரம்.
கத்தியிருப்பான். அன்று மாலையே
பணம் திரும்பியிருக்கும்.
வெயில் யாரையும் காத்திருக்க விடுவதில்லை.

எங்கள் ஹீட்டர்
ஏதோ கோடவுனில்
அலமாரி எண் ஒட்டப்பட்டு
எண்ணெய் உறைந்து நிற்கும்.

தீர்த்த பகதூர் ஜன்னலைத் திறக்கிறான்.
"டேய், மூடுடா" என்கிறோம் ஐந்து பேரும்,
அவனுக்குப் புரியாத மொழியில்.